திரைக்கு இந்தப் பக்கம் யார்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், சுகர் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஒரு நிபுணரிடம் கேட்கக் கோவை பெரியாஸ்பத்திரிக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரண்டு நாள் கூலி. மருத்துவர் அவரிடம் பேசுவது என்னவோ ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தை மலைமேல் அனுப்பி வைக்கிறேன் என்கிறது இணையவழி மருத்துவம். கொங்கு நாட்டுக்கு இது சின்ன வரம் இல்லை.

சட்டப்படி இதற்கான கதவு திறந்தது 2020 மார்ச் 25-இல். பொது முடக்கம் தொடங்கிய அதே நாளில் தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அடுத்த மாதமே வீட்டிலிருந்தபடி மருத்துவரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி சேவை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்க 10 லட்சம் ஆலோசனைகள் முடிந்தபோது, அதில் 3 லட்சத்துக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள் பெற்றவை. 2023 பிப்ரவரியில் மொத்தக் கணக்கு 10 கோடியைத் தொட்டது. தமிழ்நாட்டின் பங்கு 1.2 கோடிக்கும் மேல்.

இந்த எண்ணிக்கைக்குள் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அந்த 10 கோடியில் பெரும்பகுதி, நோயாளி தனியாகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு பெற்ற ஆலோசனை அல்ல. அவர் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த பணியாளர் அவரைத் தூரத்து மருத்துவரோடு இணைத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவர், இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒரு கை. இரண்டும் சேர்ந்தபோதுதான் இந்தச் சேவை ஓடியது.

இதை முன்பே செய்து காட்டியது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அந்த நிறுவனம் 1997-இல் கோவைக்கு வந்தது. 2004 வாக்கில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் குறைந்த செலவில் வைஃபை இழுத்துப் பார்வை மையங்களை நிறுவியது. இன்று அந்த மையங்கள் 100-க்கும் மேல். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்து, அரவிந்திலேயே பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணைக் கருவி வைத்துப் பார்த்து, விழித்திரையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். தலைமை மருத்துவமனையிலிருந்து மருத்துவர் படத்தைப் பார்த்து, நோயாளியிடமே பேசுகிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே கிடைக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறுகிறார்.

கொங்குப் பகுதிக்கு இந்த முறை ஏன் அவசரம் என்பதற்குப் பெருந்துறை வட்டாரத்தின் நல்லாம்பட்டி ஒரு சாட்சி. உழைத்துச் சாப்பிடும் விவசாய ஊர். சுகர் அங்கே எட்டிப் பார்க்காது என்றுதான் நினைக்கத் தோன்றும். கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனை 2015-இல் அங்கே நடத்திய ஆய்வில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. சுகர் கண்ணைக் கெடுக்கும்போது வலிக்காது. பார்வை மங்கிய பிறகு ஓடினால், போனது பெரும்பாலும் திரும்பாது. வலியில்லாத நோய்க்காக மஞ்சள் வெட்டை விட்டுவிட்டு யாரும் நகரத்துக்குப் போகப் போவதில்லை. படம் எடுக்கும் கருவிதான் ஊருக்குப் போக வேண்டும்.

தனியார் செயலிகளோ வேறொரு உலகம். தோட்டத்துச் சாளை வீட்டில் வயதான தம்பதி தனியே இருக்கிறார்கள். பெங்களூருவிலிருக்கும் மகன் கைபேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஓ.டி.பி. எங்கே வரும், எதை அழுத்த வேண்டும் என்பதே அவர்களுக்குப் போராட்டம். “தலை கிறுகிறுன்னு வருதுங்க” என்று அம்மா சொல்கிறார். அது ரத்த அழுத்தமா, ரத்தச் சோகையா, சுகர் இறங்கிவிட்டதா? கையில் பட்டை கட்டிப் பார்க்க அங்கே ஆளில்லை. மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஊகிக்கத்தான் முடியும்.

2020 நெறிமுறைகள் இந்த ஆபத்தை உணர்ந்தே எழுதப்பட்டவை. சில மருந்துகளை முதல் முறை எழுத வீடியோவில் பார்த்தே ஆக வேண்டும். போதைத் தன்மையுள்ளவற்றை எழுதவே கூடாது. செயற்கை நுண்ணறிவு தானாக மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஊரில் செவிலியர் இருக்க வேண்டும் என்பதை எந்த விதியும் தானாக நடத்திவிடாது.

அதே நெறிமுறையில் திருப்பூர் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் இந்தியாவின் எந்த மூலையிலுள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை தரலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இங்கே மருத்துவரிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கைஜாடையில் நோயைச் சொல்கிறார்கள். சுகாதார நிலையத்தில் நம் செவிலியர் பக்கத்தில் நிற்க, புவனேசுவரத்திலிருந்து ஒரு மருத்துவர் ஒடியாவில் பேசினால் என்ன? சட்டம் தடுக்கவில்லை. ஏற்பாடு செய்யத்தான் ஆளில்லை.

சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்கள், பாதுகாப்பில்லாத தகவல்கள் என்று தடைகள் இன்னும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகளே இணையத் தாக்குதலில் முடங்கி, நாள் கணக்கில் எல்லாம் கையால் எழுதப்பட்டன. மருந்துதான் இவற்றையெல்லாம் விடப் பெரிய கவலை. ஆலோசனை திரையில் வரும், மாத்திரை வராது. அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது, 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். அங்கேயும் வீட்டு வாசலுக்கு மாத்திரையோடு வந்து நின்றது ஒரு பெண் தன்னார்வலர்.

ஆகவே, புதிய செயலிகளுக்குச் செலவிடும் முன் துணை சுகாதார நிலையங்களுக்குச் செலவிடுங்கள். காலியிடங்களை நிரப்புங்கள், செவிலியர் கையில் நல்ல இணைப்பும், ரத்த அழுத்தக் கருவியும், விழித்திரைப் படக்கருவியும் கொடுங்கள். வாசகர்களும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் ஊர் துணை சுகாதார நிலையம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, அங்கே மருத்துவரோடு பேச வைக்க யார் இருக்கிறார்?