பண்டிகைப் படப்புத்தகங்களும் நம் வீட்டுத் தீபாவளியும்

ஐப்பசி நெருங்கிவிட்டால் புத்தகக் கடைகளின் குழந்தைகள் பகுதியில் அகல்விளக்குகள் ஒளிரத் தொடங்கிவிடுகின்றன, அட்டைப்படங்களில்தான். இந்தியப் பண்டிகைகளைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும் ஆங்கிலப் படப்புத்தகங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் பெருகியிருக்கின்றன. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளியன்று விடுமுறை அளிக்கும் சட்டத்தில் 2023 நவம்பரில் அம்மாநில ஆளுநர் கையெழுத்திட்டார். பள்ளிகள் கொண்டாடத் தொடங்கினால் ஆசிரியர்களும் நூலகர்களும் புத்தகம் தேடுவார்கள் என்பது இயல்பு. இவை மகிழத்தக்க செய்திகளே. எனினும் அந்நூல்களைப் புரட்டும்போது நமக்கு ஒரு கேள்வி எழாமல் இல்லை: இவற்றில் நம் வீட்டுத் தீபாவளி எங்கே?

பெரும்பாலான நூல்களின் போக்கு ஒன்றாகவே இருக்கிறது. இராமன் வனவாசம் முடித்து அயோத்திக்குத் திரும்புகிறான். மக்கள் விளக்கு வரிசைகளை ஏற்றி வரவேற்கிறார்கள். ஆகவே நாமும் ஏற்றுகிறோம். பிறகு ரங்கோலி, இலட்சுமி பூசை, இனிப்பு, வாணவேடிக்கை. வட இந்தியாவின் பெரும்பகுதிக்கு இது உண்மையான சித்திரம். அதில் நமக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டு இல்லம் ஒன்றில் வளரும் குழந்தை அறிந்த தீபாவளி வேறு. அது விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. தூக்கம் கலையாத தலையில் பாட்டி எண்ணெய் வைக்கிறாள். கண்ணில் சீயக்காய் எரிகிறது. ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை காத்திருக்கிறது. காரமும் இனிப்புமாக ஓர் உருண்டை லேகியம் வாய்க்குள் போகிறது. சில வீடுகளில் அதற்குப் பிறகு பட்சணம், பல வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும். அக்காவுக்குத் தலைத்தீபாவளி என்றால் வீடே இரண்டுபடும். சொல்லப்படும் கதையோ நரகாசுரனுடையது. விளக்குகளை வரிசையாக ஏற்றுவதற்கு நமக்குக் கார்த்திகை என்று தனியே ஒரு நாள் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஒரு சிறிய விஷயமென்று தள்ளிவிடலாமா? நான்கைந்து வயதுக் குழந்தைக்கு அச்சில் இருப்பதுதான் சரி. வகுப்பில் ஆசிரியை காட்டிய புத்தகம் ஒன்றைச் சொல்ல, வீட்டில் பாட்டி இன்னொன்றைச் சொன்னால், தவறு பாட்டியுடையது என்றே அது முடிவு செய்யும். "நாம் ஏன் காலையிலேயே கொண்டாடிவிடுகிறோம்? இரவில்தானே தீபாவளி?" என்று கேட்கும். மறுமொழி சொல்லும் பொறுமை நமக்கு இல்லாவிடில், அடுத்த ஆண்டு எண்ணெய்க் கிண்ணம் சற்றே பின்னுக்குத் தள்ளப்படும். அதற்கடுத்த ஆண்டு அது எடுக்கப்படாமலே போகும். குழந்தைக்கு மரபைக் கொடுக்கவென்று நாம் வாங்கிய புத்தகமே வீட்டில் இருந்த மரபை மெல்ல அழித்துவிடக்கூடும் என்பதுதான் நம் கவலை.

அப்படியானால் இராமனை எடுத்துவிட்டு நரகாசுரனை வைத்துவிட்டால் போதுமா என்று அன்பர்கள் கேட்கலாம். போதாது. அது அதே பிழையின் மறுபக்கம். ஒரு பண்டிகைக்கு ஒரே காரணம், ஒரே கதை, ஒரே முறை என்ற எண்ணத்தைத்தான் நாம் கேள்விக்குள்ளாக்க வேண்டும். இதே நாட்களில் சமணர்கள் மகாவீரர் நிர்வாணம் எய்தியதை நினைவுகூர்கிறார்கள். சீக்கியர்கள் குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் அன்றிரவு காளி பூசை. கேரளத்துக் குழந்தைக்கு ஓணமும் விஷுவும் அளிக்கும் கிளர்ச்சியைத் தீபாவளி அளிப்பதில்லை. நம்மிடையேயே, நரகாசுரன் கதையை ஏற்க மறுத்து, தீபாவளியைத் தவிர்த்துப் பொங்கலை மட்டுமே கொண்டாடும் திராவிட இயக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உண்டு. அண்டை வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டின் வழியாகவே தீபாவளியை அறியும் கிறித்தவ, இசுலாமியக் குழந்தைகளும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இத்தனையையும் ஒரே புத்தகத்தில் அடக்கவேண்டும் என்று நாம் கோரவில்லை. "எல்லோரும் இப்படித்தான்" என்னும் தொனியை விடுத்து "இந்த வீட்டில் இப்படி" என்று ஒரு புத்தகம் சொன்னால் போதுமானது.

படப்புத்தகம் என்னும் வடிவமும் இதைத்தான் வேண்டுகிறது. பெரும்பாலும் முப்பத்திரண்டு பக்கங்கள். பக்கத்துக்கு ஓரிரு வரிகள். எஞ்சியதைச் சொல்வது ஓவியம். இதற்குள் புராணம், பொருள், நாள், சடங்கு என அனைத்தையும் திணித்தால் அது படம் போட்ட பாடநூலாகிவிடுகிறது. பண்டிகையின் காரணம் பெரியவர்களுக்குத் தேவைப்படுகிறது. குழந்தைக்கு வேண்டியது பண்டிகையின் மணமும் காத்திருப்பும் அச்சமும். அணுகுண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளியும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? தில்லியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த ரச்னா கில்மோர் 1994-இல் எழுதிய 'லைட்ஸ் ஃபார் கீதா' என்ற நூல் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. புதிய நாட்டில் முதல் தீபாவளிக்காக ஆவலோடு காத்திருக்கும் ஒரு சிறுமி, வெளியே உறைபனி மழை, மின்சாரமும் போய்விடுகிறது. அந்த இருளில் ஏற்றப்படும் அகல்விளக்குகள் தீபாவளியின் பொருளைத் தாமே சொல்லிவிடுகின்றன. தனியே ஒரு விளக்கவுரைக்குத் தேவையே எழவில்லை.

தமிழில் நிலைமை என்ன? அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் உண்டு. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவின் ஓவியங்களோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஆனால் பக்கம்தோறும் வண்ண ஓவியம் கொண்ட படப்புத்தகம் நம்மிடம் தாமதமாகவே தழைத்தது. வண்ண அச்சு செலவு மிக்கது. குறைந்த படிகள் அச்சிட்டால் ஒரு படியின் விலை ஏறிவிடுகிறது. 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பொது நிறுவனங்களும், 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்களும் பல இந்திய மொழிகளில் ஒரே ஓவியங்களைப் பயன்படுத்தி அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டன. நல்ல வழிதான், அதனால் தமிழுக்குக் கிடைத்தவை பல. ஆயினும் பண்டிகை நூல்களில் இதற்கொரு விலையுண்டு. எல்லா மொழிகளுக்கும் பொருந்தவேண்டிய ஓவியத்தில் எந்த ஊரும் துலங்குவதில்லை. வாசல் தெளித்து, புள்ளி வைத்து, இழை பிசகாமல் இழுத்த கோலம் வண்ணப்பொடி ரங்கோலியாகிவிடுகிறது. ஓவியத்தில் மறைந்தது பிறகு சொல்லிலும் மறைகிறது.

எழுத்தாளர்களிடமும் ஓவியர்களிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. 'இந்தியப் பண்டிகைகள்' என்று எழுதாதீர்கள்; ஓர் ஊரின் ஒரு வீட்டின் ஒரு காலையை எழுதுங்கள். மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டும் சிறுவனை எழுதுங்கள். ஆடிப்பெருக்கன்று கலந்த சாதத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் குடும்பத்தையும், சொக்கப்பனை எரிவதை அப்பாவின் தோளிலிருந்து பார்க்கும் குழந்தையையும் வரையுங்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் நாகூர்க் கந்தூரிக்கும் எல்லாச் சமயத்தவரும் திரள்வது கண்கூடு. அந்தக் கூட்டத்தில் பலூன் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் ஒரு புத்தகம் வேண்டும்.

பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் ஆங்கில நூலையே குழந்தையோடு சேர்ந்து வாசிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, "இவர்கள் வீட்டில் இப்படி, நம் வீட்டில் எப்படி?" என்று கேட்டால், அந்த நூலே உரையாடலுக்கு வாசலாகிவிடும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கட்டணமின்றிக் கதைகளை வாசிக்கலாம். அங்குள்ள ஓவியங்களைக் கொண்டு நாமே தமிழில் கதை அமைக்கவும் வழியுண்டு. இன்னும் எளியதும் ஒன்றுண்டு. நான்கு வெள்ளைத்தாள்களை நடுவில் மடித்துத் தைத்தால் பதினாறு பக்கங்கள் கிடைக்கும். பாட்டி சொல்லட்டும், குழந்தை வரையட்டும், நாம் பக்கத்துக்கு ஒரு வரி எழுதுவோம். எண்ணெய்க் கிண்ணம் கோணலாக இருந்தாலென்ன? அது நம் வீட்டுக் கிண்ணம் என்பதைக் குழந்தை அறியும். அடுத்த ஐப்பசியில் கடையில் வாங்கிய புத்தகத்துக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தால், இரண்டில் எது சரி என்ற கேள்வி எழாது. இரண்டுமே தீபாவளிதான் என்பது சொல்லாமலே விளங்கும்.