கட்டு இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு கூடுமாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி. ஆறு வயதுப் பேரன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. உடனே வந்த அறிவுரைகள்: "ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வைப்பான்", "நம்ம கட்டு வைத்தியர்கிட்ட போ, மூணு கட்டுல சரியாயிடும்." எழுதியவர்களில் பட்டதாரிகள் நான்கு பேர். அதில் இருவர் என்னிடம் படித்தவர்கள். தலை குனிந்தேன்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி? நான் மருத்துவன் அல்ல, ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன். ஆனால் இதே தவற்றைச் செய்தவன்.

1989. மதிய இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புங்கமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தான். சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனது நான்தான். இழுத்து, நீவி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். இரவெல்லாம் பிள்ளை அலறியிருக்கிறான். "வலிச்சாத்தான் கட்டு பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றாராம். மூன்றாம் நாள் விரல்கள் நீலமாகிவிட்டன. அரசு மருத்துவமனையில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியது. விரல்கள் உள்ளே மடங்கியபடியே நின்றுவிட்டன. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார்" என்றார். அவர் என்னைத் திட்டியதே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என்ன நடந்தது? முன்கைத் தசைகளைச் சுற்றி நீட்சி இல்லாத ஓர் உறை இருக்கிறது. எலும்பு முறிந்தால் உள்ளே வீக்கம். வீங்க இடமில்லை. வெளியே கட்டும் இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஆறு மணி நேரம் போல அப்படியே இருந்தால் தசை சாக ஆரம்பித்து, பிறகு தழும்பாகச் சுருங்கி விரல்களை இழுத்துக்கொள்ளும். வோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறுக்கமான கட்டுதான் காரணம் என்று 1881லேயே எழுதிவிட்டார். நான் பையனைக் கொண்டுபோனது அதற்கு 108 ஆண்டுகள் கழித்து.

அடையாளம் எளிது. கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகும். விரலை மெல்ல நிமிர்த்தினாலே பிள்ளை துடிப்பான். மரத்துப்போகும். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள், நாடி கடைசியில்தான் போகும். மருத்துவமனை மாவுக்கட்டிலும் இது வரலாம். ஆனால் அங்கே உடனே கட்டைப் பிரிப்பார்கள், தேவைப்பட்டால் அந்த உறையையும் கீறிவிடுவார்கள்.

"எங்க தாத்தாவுக்குக் கட்டுலதான் சரியாச்சு" என்பீர்கள். ஆகியிருக்கும். எலும்பு தானாகவே கூடும் பொருள். குழந்தைகளின் காறை எலும்பு பெரும்பாலும் தூளி கட்டித் தொங்கவிட்டாலே கூடிவிடும். பேர் மட்டும் எண்ணெய்க்குப் போகிறது! கேள்வி, கூடுமா என்பதல்ல, நேராகக் கூடுமா என்பது. அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே வேண்டும்.

பரம்பரை வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். லிவர்பூலில் எவன் தாமஸ் என்ற பரம்பரைக் கட்டு வைத்தியர் இருந்தார். அவரே தன் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் உருவாக்கிய தாமஸ் சிம்பு முதல் உலகப்போரில் தொடை முறிந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. பரம்பரைக்கு மரியாதை செய்வது அப்படி.

பணம் பிடுங்குகிறார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. எல்லா முறிவுக்கும் அறுவை தேவையில்லை. எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி இன்னொருவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்வரை நீவாதீர்கள், இழுக்காதீர்கள். அட்டையோ ஸ்கேலோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள், வளையல் மோதிரத்தைக் கழற்றுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் காபி, இட்லி வேண்டாம்.

பேரனின் அப்பா இரவு எட்டு மணிக்குப் போன் செய்தான். குழுவைப் பார்க்காமல் நேராக ஜி.எச்.சுக்குப் போயிருக்கிறான். எலும்பை நேராக்கி இரண்டு கம்பி வைத்திருக்கிறார்களாம். "விரலை ஆட்டுறானா?" என்று கேட்டேன். "பால்கோவா கேட்டு ஆட்டுறான் சார்" என்றான்.