கத்தரிக்கோலும் கதை எழுதும்



நம் இதழுக்கு வரும் சிறுகதைகளில் அடிக்கடி ஒன்றைக் காண்கிறேன். நாயகன் ஊருக்குக் கிளம்பினால், பையில் துணி அடுக்குவதில் தொடங்கி பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, தெருமுனையில் இறங்கி, கதவைத் தட்டுவதுவரை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறீர்கள். கதையோ கதவு திறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது! இந்த வழிப்பயணத்தை என்ன செய்வது என்பதை சினிமா எடிட்டர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இயக்குநர் டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தில், கெய்ரோ அலுவலகம் ஒன்றில் லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்த கணம் திரை முழுக்கப் பாலைவனம், உதிக்கப்போகும் சூரியன். நடுவில் இருந்த பயணம் படத்தில் இல்லை. ஒரு காட்சி மெல்லக் கரைந்து மற்றொன்றாகும் ‘டிசால்வ்’தான் முதலில் திட்டம். எடிட்டர் ஆன் வி. கோட்ஸ் இரண்டு ஷாட்களையும் நேராக ஒட்டி ஓட்டிப் பார்த்தபோது, அதுவே நன்றாக இருப்பதாக அவருக்கும் லீனுக்கும் பட்டது. இன்னும் கொஞ்சம் செதுக்கச் சொன்னார் லீன். கோட்ஸ் எடுத்தது இரண்டே ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவில் அது ஒரு கண்சிமிட்டலுக்கும் குறைவு. படத்தொகுப்புக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது.

அந்த வெட்டு ஏன் பலித்தது? பாலைவனம் சாதாரண மனிதர்களுக்குத் தீச்சூளை என்று சற்று முன்புதான் லாரன்ஸை எச்சரித்திருக்கிறார்கள். அந்தச் சூடு மனதில் இருப்பதால், தீக்குச்சியையும் சூரியனையும் ரசிகனே முடிச்சுப்போட்டுக்கொள்கிறான். நாம் விட்டதை வாசகர் நிரப்ப வேண்டுமானால், அதற்கு வேண்டியதை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

எதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதும் கதை சொல்லும். ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தில் நின்று, சாத்தானைக் கைவிடுவதாக நாயகன் மைக்கேல் வாக்குக் கொடுக்கிறான். அதே நேரத்தில் அவன் ஆட்கள் எதிரிகளை ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். இரண்டும் மாறி மாறி வர, தேவாலயத்தின் ஆர்கன் இசை மட்டும் அறுபடாமல் கொலைகள் மீதும் ஒலிக்கிறது. மைக்கேல் எப்படிப்பட்டவன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வரிசையை மாற்றினால் உணர்ச்சியே மாறும். ‘அலைபாயுதே’ (2000) படத்தில் மனைவி சக்தி வீடு திரும்பாத தவிப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. காதல் கதை அதன் பிறகுதான். ஸ்ரீகர் பிரசாத்தின் தொகுப்பில் அந்த இளஞ்ஜோடியின் குறும்பை ரசிக்கும்போதும், சக்திக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை கூடவே வருகிறது. தேதி வரிசைப்படி சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இந்தப் பயம் இருந்திருக்காது.

இதையெல்லாம் வித்தை காட்டுவதற்காகச் செய்ய வேண்டாம். முன்னும் பின்னும் தாவி வாசகரைக் குழப்புவதைவிட நேராகச் சொல்லிவிடுவதே மேல். வாசகர் தானாகப் புரிந்துகொள்வார் என்று நம்பக்கூடிய இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

அடுத்த கதையை அனுப்புமுன் முதல் பக்கத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கதை புரிந்துவிட்டால் முதல் பக்கத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் படிக்கும் நேரம் மிச்சம், உங்களுக்குத் தபால் செலவு மிச்சம்!

அன்புடன்,
ஆசிரியர்