திராட்சை மதுவுக்கும் ஒரு புரோகிதரா?

மணிமுத்தாறு அணையையும் அருவியையும் பார்க்க வருகின்ற தோழர்களும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வாலிபர்களும், குறைந்த விலையில் நல்ல சிவப்பு ஒயின் எது என்று நம்மைக் கேட்கின்றார்கள். அத்தோடு நில்லாமல், "நமக்கெல்லாம் அதன் ருசி தெரியுமா? அதற்கென்று படித்தவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்?" என்றும் கேட்கின்றார்கள். இந்த இரண்டாவது கேள்விக்காகவே இதை எழுத முன்வந்தோம்.

குடியுங்கள் என்று நாம் எவருக்கும் பிரசாரம் செய்யவில்லை. உடம்புக்குக் கெடுதியில்லாத அளவு என்று மதுவில் ஒன்று கிடையாது என்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியாகிவிட்டது. குடியாதவர் குடியாமலே இருக்கட்டும். குடிக்கின்றவர் தன் காசையும் கொடுத்து, தன் நாக்கையும் பிறரிடம் அடகு வைப்பானேன் என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, ருசி பண்டிதர்களின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். 2001இல் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில், ஒயின் சாஸ்திரம் படிக்கின்ற 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களோ சிவப்பு ஒயினுக்கென்றே உள்ள வர்ணனைகளை அதற்குச் சூட்டினார்கள்! கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. 2008இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒரு தரமும், 90 டாலர் என்று ஒரு தரமும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோதுதான் அது அதிகம் பிடித்ததாம். குருக்கள் கைபட்ட சுண்டலுக்குத் தனி ருசி என்கின்ற பக்தருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அதே 2008இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், அமெரிக்காவில் விலையை மறைத்து 6,000 தடவைக்கு மேல் ருசி பார்க்கச் செய்ததில், பயிற்சியில்லாத சாதாரண ஜனங்கள் விலை உயர்ந்ததைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள்.

இன்னொரு வேடிக்கை. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில்தான் குடிக்க வேண்டும் என்பது ஒரு விதி. அந்த அறை ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. 16, 18 டிகிரிதான் இருக்கும். சித்திரை மாதத்துத் திருநெல்வேலி அறையில் அதே விதியைக் கைக்கொண்டால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். சற்றுக் குளிர வைத்துக் குடித்தால் எந்தச் சாஸ்திரம் கெட்டுவிடும்?

சிவப்பு ஒயினின் நிறம் பழத்தோலிலிருந்து வருவது; துவர்ப்பு தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. பால் கலவாத கடுந்தேநீரின் துவர்ப்புக்கும் அதற்கும் உறவு உண்டு. மேலே மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த ஜனங்கள் உள்ள சீமையில், துவர்ப்பு இன்னதென்று வேறொருவர் வந்தா போதிக்க வேண்டும்? மலிவான "போர்ட்" புட்டிகளில் பலவற்றில் இனிப்பே மிகுதி. இனிப்பு வேண்டுவோர் அதை வாங்கிக்கொள்ளட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மலிவான ஒயினைப் பல வருஷம் பூட்டி வைத்தால் உயர்ந்துவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரம் குடிக்கவே செய்யப்பட்டவை. நாலு பேர் சேர்ந்து மூன்று புட்டி வாங்கினால், காகிதம் சுற்றி எண் மட்டும் போட்டு, குடியாத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். பெயரும் விலையும் கடைசியில் தெரியட்டும்.

எது உயர்ந்தது என்பதைப் பானம் தீர்மானிப்பதில்லை, குடிக்கின்றவனின் அந்தஸ்தே தீர்மானிக்கின்றது என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. திராட்சைச் சாற்றைப் புளிக்கச் செய்வதும் நொதிதான், பதநீர்ப் பருவம் கடந்த பனஞ்சாற்றைப் புளிக்கச் செய்வதும் நொதிதான். ஒயினில் சாராயச் சத்து நூற்றுக்கு 12, 13 பங்கு. கள்ளிலோ அதில் பாதிகூடப் பெரும்பாலும் இராது. ஒன்று கனவான் பானமாம். மற்றொன்று இழிந்தவன் பானமாம். 2003 முதல் மதுவைச் சில்லறைக்கு விற்றுவரும் சர்க்கார், 1987 முதல் கள்ளுக்குத் தடை விதித்திருக்கின்றது. பனையேறுகின்ற தோழர் கலயத்துடன் பிடிபட்டால் வழக்கு. பட்டணத்துக் கனவான் புட்டியுடன் போனால் ரசனை. இதற்கு நியாயம் என்னவென்று அந்த ருசி பண்டிதர்களாவது, சர்க்காராவது சொல்லட்டும்.