கவசம் குறைந்தால் அறம் குறையுமா?



நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திச் செல்வதுதான் ரோல்பிளேயிங் விளையாட்டு. இந்த வகையில் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் பாலடின். கடவுளுக்கோ ஒரு கொள்கைக்கோ சபதம் செய்து, அந்தச் சபதத்தின் வலிமையால் போரிடும் அறவீரர்.

பாலடின் என்றதும் தலை முதல் கால் வரை மின்னும் எஃகுக் கவசமும், குதிரையும், ஊரே திரும்பிப் பார்க்கும் வருகையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய தோலாடையும் ஓசையில்லாத நடையுமாக இருளில் போகும் பாலடினை உருவாக்க முடியுமா? முடியும் என்பது மட்டுமல்ல, ஒருமுறையாவது உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பாலடின் இந்த விளையாட்டுக்குள் நுழைந்தது 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில். பூட்டைத் திறந்து நிழலில் பதுங்கும் திருடன் பாத்திரம் அச்சில் வந்ததும் அதே நூலில்தான். இருவரும் ஒரே நூலில் பிறந்தும் எதிரெதிர்த் துருவங்களாகவே வளர்ந்தார்கள். அன்று பாலடின் ஆவதற்குக் கரிஸ்மா, அதாவது ஆளுமைக் கவர்ச்சி, 17 வேண்டும். மூன்று பகடைகளை உருட்டி 17 அல்லது 18 விழுவது 54 தடவைக்கு ஒருமுறைதான். அவ்வளவு அரிதாகக் கிடைத்த தகுதி, நெறி பிறழ்ந்த ஒரே செயலில் பறிபோய்விடும், திரும்பக் கிடைக்காது. 1978-இன் விதிநூலில் மனிதர்கள் மட்டுமே பாலடின் ஆகலாம் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

இந்தப் பாத்திரத்தின் வேர்களில் ஒன்று போல் ஆண்டர்சன் எழுதிய ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ என்ற நாவல். 1953-இல் தொடராகவும் 1961-இல் நூலாகவும் வந்தது. தனக்கு ஊக்கம் தந்த நூல்களின் பட்டியலை 1979-இல் கைகாக்ஸ் வெளியிட்டபோது இதையும் சேர்த்திருந்தார். நாவலின் நாயகன் ஹோல்கர் கார்ல்சன், நாஜிகள் பிடித்துவைத்திருந்த டென்மார்க்கில் தலைமறைவு இயக்கத்தில் இருப்பவன். ஒரு விஞ்ஞானியை ஸ்வீடனுக்குத் தப்புவிக்கும் முயற்சியில் அடிபட்டு விழுந்து, கண் விழிக்கும்போது சார்லிமேன் காலத்துக் காவிய உலகில் இருக்கிறான். அங்கே அவனுக்குக் கவசமும் குதிரையும் காத்திருக்கின்றன. ஆனால் அவற்றைப் போட்டுக்கொள்வதற்கு முன்பே, தலைமறைவு வாழ்க்கையிலேயே அவன் அறவீரன்தான். விளையாட்டு அந்த நாயகனின் கவசத்தை எடுத்துக்கொண்டது. தலைமறைவுக் காலத்தை விட்டுவிட்டது. அதை மீட்டெடுக்கும் வேலையைத்தான் இன்று நாம் செய்கிறோம்.

இனி விதிகள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். பல மேசைகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது.

அந்தப் பதிப்பு பாலடினுக்கு எல்லாக் கவசங்களையும் அணியும் பயிற்சியைத் தருகிறது. கனமானதை அணிந்தே தீர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கனமான கவசம் எதுவானாலும் ஸ்டெல்த், அதாவது பதுங்கும் சோதனையில் பாதகம் உண்டு. அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண காவலன் ஒருவனின் கவனிப்புத் திறன் 12. டெக்ஸ்டெரிட்டி என்னும் சுறுசுறுப்பு 16-ம் பதுங்கும் பயிற்சியும் உள்ள நம் பாலடின் பகடையோடு 5 கூட்டிக்கொள்ளலாம். ஆகவே அந்த 12-ஐ எட்டும் வாய்ப்பு 70 சதவீதம். டெக்ஸ்டெரிட்டி 10-ம் சங்கிலிக் கவசமுமாக வருபவருக்கு அதே வாய்ப்பு சுமார் 20 சதவீதம்தான்.

சரி, கவசத்தை விட்டால் அடி அதிகம் விழாதா? இங்கேதான் பலர் பார்க்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டடட் லெதர் எனப்படும் குமிழ் பதித்த தோல் கவசத்தின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடியைத் தடுக்கும் அளவு, 12. அதோடு டெக்ஸ்டெரிட்டிக்கு உரிய கூடுதல் முழுவதும் சேரும். தொடக்கத்தில் 3 சேர்ந்து 15, கேடயத்தோடு 17. சங்கிலிக் கவசமும் கேடயமும் தருவது 18. பின்னாளில் டெக்ஸ்டெரிட்டி 20 ஆகும்போது நமக்கு 19. முழு எஃகுக் கவசமும் கேடயமும் தருவது 20. தொடக்கத்திலும் உச்சத்திலும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்த முழுக் கவசத்தின் விலை 1500 பொற்காசு, எடை 65 பவுண்டு. தோல் கவசத்துக்கு 45 பொற்காசு, 13 பவுண்டு. ஒரு புள்ளிக்காக இவ்வளவு சுமையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியை விட்டுக்கொடுத்தால் டெக்ஸ்டெரிட்டி வழியாக வேறு பலன்கள் வருகின்றன. சண்டையில் முந்திக்கொள்ளும் வேகம் கூடும்; நெருப்புப் பிழம்பிலிருந்து உருண்டு தப்பும் திறன் கூடும்; கனமான பாலடின்கள் தடுமாறும் வில்லும் அம்பும் நமக்குக் கைவரும்.

ஒரு பாத்திரத்தை நாமே உருவாக்கிப் பார்ப்போம். இனம் ஹாஃப்-எல்ஃப். விதிநூல் தரும் ஆறு எண்களில் 15-ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும், 14-ஐ கரிஸ்மாவுக்கும், 13-ஐ கான்ஸ்டிடியூஷன் என்னும் உடல் உறுதிக்கும் வையுங்கள். ஹாஃப்-எல்ஃப் இனத்துக்கு உரிய கூடுதலைச் சேர்த்தால் 16, 16, 14 கிடைக்கும். மீதியுள்ள 12 விஸ்டத்துக்கு, 10 உடல் வலிமைக்கு, 8 இன்டெலிஜென்ஸுக்கு. பாலடினின் பயிற்சிப் பட்டியலில் ஸ்டெல்த் கிடையாது. ஆகவே அதைப் பின்னணியிலிருந்து எடுப்போம். ‘அர்ச்சின்’, அதாவது தெருவில் வளர்ந்த அநாதைக் குழந்தை என்ற பின்னணி, பதுங்குவதிலும் கைலாகவத்திலும் பூட்டுத் திறக்கும் கருவிகளிலும் பயிற்சி தருகிறது. அதிலேயே ஒரு வாழ்க்கைக் கதையும் வந்துவிடுகிறது. பசியில் ரொட்டி திருடிய ஒரு சிறுமியை யாரோ ஒருவர் அடிக்காமல் சோறு போட்டு வளர்த்தார். அவள் வளர்ந்து, தன்னைப் போன்ற குழந்தைகளைக் காப்பதாகச் சபதம் செய்தாள். சந்துபொந்துகளை மறக்காத பாலடின் அவள்.

தொடக்கப் பொருள்களில் பாலடினுக்குச் சங்கிலிக் கவசம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொருள்கள் அனைத்துக்கும் பதில் பொற்காசாக வாங்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. சராசரியாக 125 காசு கிடைக்கும். தோல் கவசம் 45, கேடயம் 10, ரேப்பியர் வாள் 25 என 80 காசில் வேலை முடிந்துவிடும். ரேப்பியரை டெக்ஸ்டெரிட்டியால் வீசலாம் என்பதால் உடல் வலிமை குறைவாக இருப்பது தாக்குதலைப் பாதிக்காது. இரண்டாம் லெவலில், ஒரு கை ஆயுதத்தின் சேதத்தைக் கூட்டும் ‘டூயலிங்’ பாணியை எடுத்தால் வாளின் சராசரிச் சேதம் ஆறரை. இரு கை வாளின் சராசரி ஏழு. பெரிய இழப்பில்லை.

இனி டிவைன் ஸ்மைட். வாள் பட்ட பிறகு மந்திர ஆற்றலைச் செலவழித்துப் பேரொளியாக எதிரிமேல் இறக்கும் அடி. முதல் நிலை ஆற்றலுக்கு இரண்டு எட்டு முகப் பகடைகள் கூடுதல் சேதம். அடி பட்டதைப் பார்த்த பிறகே செலவழிக்கலாமா என்று முடிவெடுக்கலாம். தாக்கும் பகடையில் 20 விழுந்தால், அதாவது கிரிட்டிகல் ஆனால், அந்தப் பகடைகளும் இரட்டிப்பாகும். எதிரியின் கண்ணில் படாமல் தாக்குபவருக்குச் சாதகம் உண்டு; இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்போது கிரிட்டிகல் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 10 ஆகிறது. ஆக, மறைந்திருப்பதும் ஒளியால் அடிப்பதும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. ஸ்மைட் நேருக்கு நேர் அடிக்கு மட்டும்தான், அம்புக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் லெவலில் எடுக்கும் சபதத்தில் ‘வெஞ்சன்ஸ்’ இந்தப் பாதைக்குப் பொருத்தம். ஒரு எதிரியைக் குறித்துச் சபதமிட்டால் ஒரு நிமிடம் முழுக்க அவன்மேல் சாதகம் கிடைக்கும். ஐந்தாம் லெவலில் கண்சிமிட்டும் நேரத்தில் முப்பது அடி தாண்டும் ‘மிஸ்டி ஸ்டெப்’ வரும். ‘ஏன்ஷன்ட்ஸ்’ சபதத்திலும் மிஸ்டி ஸ்டெப் உண்டு. வெளிச்சத்தையும் உயிரையும் காப்பதே அதன் குறிக்கோள் என்பதால் குணத்தில் மென்மையானது.

திருடனின் இன்றைய வடிவமான ரோக் வகுப்பிலும் இரண்டு லெவல் எடுக்க ஆசை வரும். ஓடவும் ஒதுங்கவும் ஒளியவும் விரைவு தருவது அது. ஆனால் பாலடினோடு வேறு வகுப்பைச் சேர்க்க உடல் வலிமை 13, கரிஸ்மா 13 இரண்டும் வேண்டும் என்பது விதி. அந்த எண்ணம் இருந்தால் முதல் நாளே வலிமைக்கு 13 ஒதுக்கிவிடுங்கள். ஆறாம் லெவல் பாலடின் ஆவதற்கு முன் ரோக் பக்கம் திரும்பாதீர்கள் என்பது என் அன்பான அறிவுரை. அந்த லெவலில்தான், பத்தடிக்குள் நிற்கும் தோழர்கள் அனைவருடைய தற்காப்புச் சோதனையிலும் உங்கள் கரிஸ்மாவின் கூடுதல் சேர்கிறது. மறைந்து முன்னே போகிறவள் தோழர்களை விட்டு விலகுகிறாள். அவளுடைய அருளோ பத்தடிக்குள்தான் செல்லும். எப்போது தனியே போவது, எப்போது திரும்பி வந்து தோளோடு தோள் நிற்பது என்ற தீர்மானம்தான் இந்தப் பாத்திரத்தின் சுவையே.

2024-இல் வந்த புதிய விதிநூலில் ஸ்மைட் ஒரு மந்திரமாகி, உங்கள் முறை வரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் என்று சுருங்கியிருக்கிறது. ரேப்பியருக்கோ, ஒரு அடி பட்டால் அடுத்த அடிக்குச் சாதகம் தரும் திறமை சேர்ந்திருக்கிறது. இந்தப் பாதை அதிலும் திறந்தே இருக்கிறது.

கணக்கு இத்துடன் முடிந்தது. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர் ஒளிந்து போகலாமா?

நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சுந்தர காண்டத்தில் அனுமன் இலங்கைக்குள் உருவத்தைச் சுருக்கிக்கொண்டு இரவில்தான் நுழைகிறான். முரசறைந்து வரவில்லை. வீடு வீடாக, மாளிகை மாளிகையாகத் தேடுகிறான். வால்மீகியின் காவியத்தில் அங்கே ஓர் அரிய இடம் வருகிறது. இராவணனின் அந்தப்புரத்தில் உறங்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே போகும் அனுமனுக்கு, பிறர் மனைவியரை இப்படிப் பார்ப்பது அறமாகுமா என்ற ஐயம் எழுகிறது. நின்று தன்னைத் தானே விசாரிக்கிறான். தன் மனம் சிறிதும் கலங்கவில்லை என்பதையும், ஒரு பெண்ணைப் பெண்கள் இருக்குமிடத்தில்தான் தேட முடியும் என்பதையும் எண்ணித் தெளிந்த பிறகே மேலே நடக்கிறான். யாரும் பார்க்காத இடத்திலும் தன் நெறியைத் தானே சோதித்துக்கொள்கிறானே, அந்த ஒரு கணம்தான் ஒளிந்து செல்லும் அறவீரரை ஒற்றனிடமிருந்தும் கொலைகாரனிடமிருந்தும் பிரிக்கிறது.

உங்கள் மேசையிலும் அந்தக் கணம் வர வேண்டும். வருவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாத்திரத் தாளில் எண்களை நிரப்பும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். உறங்குகிறவனைக் குத்துவேனா? சரணடைந்தவனை என்ன செய்வேன்? நேரே கேட்டால் என் பெயரையும் நோக்கத்தையும் மறைப்பேனா? ‘டிவோஷன்’ என்ற இன்னொரு சபதம் எடுத்தவருக்குப் பொய் ஆகாது. ஆனாலும் பேசாமல் நிழலில் நிற்பதை அவருடைய நெறி தடுக்காது என்று நான் நினைக்கிறேன். ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டர் வேறு விதமாக நினைக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாலடினின் நெறி குறித்து நடு ஆட்டத்தில் எழும் வாக்குவாதங்கள் நல்ல குழுக்களையே கலைத்திருக்கின்றன. முன்கூட்டிப் பேசினால் அதே கேள்விகள் கதைக்கு உரமாகும்.

அந்த மூன்று விடைகளையும், உங்கள் பாலடின் செய்த சபதத்தை இரண்டு மூன்று வரிகளிலும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எந்தப் பதிப்பு, எந்த லெவல் என்பது பொருட்டல்ல. இதுவரை ஆடியே பார்க்காதவர்களும் எழுதலாம். கற்பனைக்குத் தேவையானது ஒரு தாளும் ஒரு மனமும்தான். தேர்ந்தெடுத்தவற்றை வரும் இதழில் வெளியிடுகிறோம். சபதத்தை எழுதி முடித்துவிட்டுக் கவசம் வாங்கக் கடைக்குப் போங்கள். எது பொருந்தும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்