எட்டுக் கையும் ஆறு கையும்



தாலிச் சரட்டில் பொன்மணிகளுக்கிடையே செம்பவளம் கோத்து அணியும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அப்பவளம் நம் கடலில் விளைந்ததன்று. மத்தியதரைக் கடலில் எடுக்கப்பெற்றுக் கப்பலேறி வந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் யூத வணிகர் அதனைச் சென்னைக்குக் கொணர்ந்து, ஈடாகக் கோல்கொண்டா வைரங்களை ஏற்றிச் சென்றனர். அவர்கள் வாழ்ந்த வீதி இன்றும் பவளக்காரத் தெரு என்றே வழங்குகிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப் பாறைகள் உள்ளனவே, அவை ஏன் மாலையாகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பெயர்தான் ஒன்று, குலம் வேறு.

பவளம் ஒரு கடற்செடி என்றே முன்னோர் எண்ணினர். மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல்நீரில் இட்ட பவளக் கிளையில் வெண்ணிறப் பூக்கள் மலரக் கண்டு, செடி என்பது உறுதியாயிற்று என மகிழ்ந்தார். அவை பூக்களல்ல, இரை தேடிக் கைவிரிக்கும் சிற்றுயிர்கள் என்று 1720-களில் சொன்னவர் பெய்சோனல் என்ற மார்சேய் நகர மருத்துவர். பாரிஸ் அறிஞர் சபையில் அக்கருத்தை எடுத்துரைத்த ரெயோமூர், சொன்னவருக்கு இழுக்கு வருமே என்றஞ்சி அவர் பெயரையே மறைத்துவிட்டார்! உண்மை ஏற்கப்பட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. இன்றும் இக்குலத்துக்கு 'அந்தோசோவா' என்றுதான் பெயர். கிரேக்க மொழியில் அதன் பொருள் பூவிலங்கு.

இக்குலத்தைப் பிரித்தறிய, உடல் கடினமா மென்மையா என்று பார்த்தால் ஏமாந்து போவோம். கைகளைத்தான் எண்ண வேண்டும். ஒரு கிளையாருக்கு எட்டுக் கைகள். ஒவ்வொன்றும் இறகுபோல் ஓரம் பிளந்திருக்கும். மற்றக் கிளையாருக்குப் பெரும்பாலும் ஆறு, அல்லது ஆறின் மடங்காகப் பிளவற்ற கைகள். தாலிப் பவளம் கல்போல் இறுகியிருப்பினும் எட்டுக்கைக் கிளையைச் சேர்ந்தது. தொட்டால் தோல்போல் வளையும் மென்பவளமும், கடல் விசிறியும் அதன் உடன்பிறப்புகள். மென்பவளத்துக்குள் தொடர்ச்சியான எலும்பு இல்லை. சுண்ணாம்புத் துணுக்குகள் சதையெங்கும் தூவிக் கிடக்கும். சிவந்த குழல்களை அடுக்கிய ஆர்கன் குழாய்ப் பவளமும் இக்கிளையே; பெருங்கோவில்களில் ஆர்கன் வாத்தியத்தைக் கண்டவருக்குப் பெயர்க்காரணம் விளக்க வேண்டுவதில்லை.

மன்னார் வளைகுடாவில் பாறை எழுப்பும் கற்பவளமோ ஆறுகைக் கிளை. எலும்பே இல்லாத கடற்சாமந்தி அதன் நெருங்கிய உறவு. பாறைமேல் பாய்போல் படர்ந்து, உடற்சுவரில் மணலைப் பொதித்துக்கொள்ளும் சோவாந்திட் இன்னோர் உறவு. கொராலிமார்ஃப் என்றொரு வகையை, எலும்பு மட்டும் இல்லாத கற்பவளம் என்றே சொல்லிவிடலாம். உள்ளமைப்பில் அவ்வளவு ஒற்றுமை.

கூட்டமாக வாழும் வகைகளில் ஓர் உயிருக்கும் அடுத்ததற்கும் இடையே சதை தொடர்ந்து ஓடுகிறது. திருப்பூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பனியன் துணியில் ஒரே நூல் வளையம் வளையமாக ஓடுகிறதன்றோ? அதுபோல, ஒன்று பிடித்த இரையின் சத்து அண்டை உயிருக்கும் செல்லும். ஆனால் பனியனில் ஓரிடம் அறுந்தால் பிரிந்துகொண்டே போகும். பவளமோ வெட்டுண்ட துண்டிலிருந்தும் வளரக்கூடியது.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அக்கடலில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும், காளவாய்ச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டியெடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. அதன்பின் வந்தது வெப்பம். கடல்நீர் அளவுமீறிச் சூடேறினால், பவளத்தின் சதைக்குள் தங்கி உணவு ஊட்டும் நுண்பாசிகள் வெளியேறிவிடும்; பவளம் வெளிறிப் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நேர்ந்தது. மடிந்த பாறைமேல் இடம் பிடிப்பவற்றுள் மெல்லுடல் சோவாந்திட்டும் ஒன்று. உயிருள்ள பவளத்தையும் அது மூடிவிடுவதுண்டு. அண்ணன் வீட்டில் தம்பி குடியேறினால் என்ன என்று கேட்கலாம். தம்பிக்கு வீடு கட்டத் தெரியாதே! சுண்ணாம்பு எலும்பு வளர்க்காத உயிரால், அலை கரைத்த பாறையை மீண்டும் எழுப்ப இயலாது. தீவுக்கு அரணும் மீனுக்குப் புகலிடமும் அந்தப் பாறைதான்.

அரசு 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளம் யாவற்றையும் சேர்த்தது. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. புலிக்குரிய அதே அட்டவணை! வாங்குவதும் விற்பதும் குற்றமே. திருயாத்திரையாகவோ சுற்றுலாவாகவோ கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் நம் குடும்பங்கள், சிப்பி மாலையோடு ஒரு காய்ந்த கடல் விசிறியையும் வாங்கிச் சுவரில் மாட்டிய காலம் உண்டு, இப்போது கூடாது. கருப்பு வலைபோன்ற அதே விசிறியை 'இந்திரஜால்' என்று பெயரிட்டு, செல்வம் சேர்க்கும் மூலிகை வேர் எனக் கண்ணாடிச் சட்டமிட்டு விற்போரும் உளர். வேர் என்பார்கள், செடி என்பார்கள். பெய்சோனல் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறுத்த செய்தி அது.