கேஸ் போச்சு சார்!

ஏ.சி. குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: 'கேஸ் போச்சு சார், ஃபில் பண்ணணும்.' நீங்களும் தலையாட்டுகிறீர்கள். ஏ.சி. கேஸ் என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர்ந்துபோவதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. பல சமயம் கேஸ் ஒழுங்காகவே இருக்கும். சுற்றாமல் நிற்பது ஃபேன்.

இந்தக் கூத்து ரொம்ப சௌகரியமாக நடக்கிற இடம் கேரவன். ஷூட்டிங்குக்காகத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வந்துகொண்டிருந்த வண்டியை, இப்போது பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று குடும்பத்தோடு சுற்றவும் வாடகைக்கு எடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் திருவையாறு ரோட்டோரம் கூரை ஏ.சி. நின்றுவிட்டால், உள்ளே வேகிறவர்கள் கேட்ட காசைக் கொடுப்பார்கள்.

கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுங்கள். கேரவன் கூரை ஏ.சி. பலவற்றில் ஃபேனுக்கு ஒரே மோட்டார்தான். ஒரு முனை உள்ளே குளிர்காற்றைத் தள்ளும். மறுமுனை வெளியே சூட்டைத் தள்ளும். அது நின்றால் இரண்டும் அவுட். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையா? ஃபியூஸ், சுவிட்ச், ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். 'உம்'மென்று இரைந்துகொண்டு சுற்றாமல் நிற்கிறதா? கரண்டை முழுக்க நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் அல்லது புஷ். லேசாகச் சுற்றினால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். அதன் தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். (நீங்கள் கை வைக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் அது ஷாக் அடிக்கும்.) தை, மாசியில் அறுவடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி என்றால், கூரைக் காயிலில் பதரும் தூசியும் அப்பியிருக்கும். சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம்.

இதில் பெயர்க் குழப்பம் வேறு. நம் ஊரில் கெப்பாசிட்டரைக் 'கன்டென்சர்' என்பார்கள். ஏ.சி.யில் சூட்டை வெளியேற்றும் காயிலுக்கும் அதே பெயர். முன்னது சில நூறு ரூபாய். பின்னது பல ஆயிரம். 'கன்டென்சர் போச்சு' என்றால் எந்தக் கன்டென்சர் என்று கேட்டீர்களா?

ஒரத்தநாட்டு விவசாயியிடம் இந்த வேலை நடக்குமா? சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இரைந்துகொண்டு நின்றால், 'கன்டென்சரைப் பாருய்யா' என்று அவரே சொல்லுவார். கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு. அவரே ஏ.சி. என்றதும் வாயடைத்து நிற்பதேன்? இதுவும் மோட்டார்தானே!

எல்லா மெக்கானிக்கும் திருடர் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் தப்பு நம் பேரில். சுடுகிற கூரை மேல் ஏறி, அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, சின்னப் பாகம் ஒன்றை மாற்றினால், 'இதுக்கா இவ்வளவு?' என்கிறோம். கண்டுபிடிக்கிற மூளைக்குக் காசு தர நமக்கு மனசு வராது. கேஸ் என்றால் தருவோம். அதனால் அவரும் கேஸ் என்கிறார்.

பணம்தானே, போனால் போகட்டும் என்கிறீர்களா? 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஹீரோக்கள் அல்ல, வண்டியோடு வந்த ஊழியர்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நாம் பயப்பட வேண்டிய கேஸ் அதுதான் ஐயா! வண்டியைத் திறந்து பார்க்காமலே கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர், ஜெனரேட்டர் புகைக்குழாயையா குனிந்து பார்க்கப் போகிறார்?

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'ரிப்பேர் உரிமை'க்கென்று இணையதளமே தொடங்கியது. விவசாயக் கருவிகள், வீட்டுச் சாதனங்கள், வண்டிகள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் உரிமையை இணையதளம் வந்து கேட்டு வாங்கித் தராது. வாய் நம்முடையது.

அடுத்த முறை 'கேஸ் போச்சு' என்றால் நாலே கேள்வி கேளுங்கள். ஓட்டை எங்கே? ஃபேன் சுற்றுகிறதா? கழற்றிய பாகம் எங்கே? கேரவன் என்றால், ஜெனரேட்டர் புகை எந்தப் பக்கம் போகிறது?

முறைப்பார்கள். முறைக்கட்டும். உள்ளே படுத்திருக்கிற டிரைவர் காலையில் எழுந்திருக்க வேண்டாமா?